சேலத்துக்குக் குடிவரலாமா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே என்னதான் செய்வீர்கள்?

தாம்பரம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை வந்திருக்கிறது. சம்பளம் சென்னையில் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் வாடகையை நினைத்தால் கையில் மிஞ்சுவது அதிகமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டம்மா மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார், நெட் ஒழுங்காக வந்தால் எந்த ஊரானாலும் சரி என்கிறார். பெண்ணுக்கு நாலு வயது.

நேர்காணலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தேன். முடிந்து புதிய பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆறரை. முதுகில் பையோடு கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். சென்னை, பெங்களூரு, கோவை, எந்தப் பேருந்து உள்ளே நுழைந்தாலும் அது நிற்கும் முன்னாலேயே ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். ஊரே காலி செய்துகொண்டு போகிறதோ என்று தோன்றிவிட்டது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், இந்த ஊரில் பொழுதுபோக்குக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "மாம்பழம் இருக்குங்க" என்றார். அது மார்கழி மாதம்.

கோவை, திருச்சி என்றால் யோசிக்காமல் கிளம்பியிருப்பேன். சேலம் என்றதும் வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இத்தனை கல்லூரி இருக்கிற ஊரில் சாயங்காலம் மனிதர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள்? அப்புறம், பத்து வருடம் இங்கே இருக்கப் போகிறோம் என்றால் ஊர் வளருமா, இல்லை இப்படியே இருக்குமா? உள்ளூர்க்காரர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஹாஸ்டல் பிரியாணி:

சார், நீங்கள் பார்த்த அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருப்பேன். கருப்பூர் பக்கம் ஹாஸ்டல், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பெரியார் பல்கலைக்கழகம், அரசுப் பொறியியல் கல்லூரி எல்லாம் ஊருக்கு வெளியே ஓமலூர் போகிற வழியில் இருக்கின்றன, டவுனுக்குள் வந்து திரும்புவதற்கே சாயங்காலம் முடிந்துவிடும், ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுகிற நேரத்தை வைத்துத்தான் எங்கள் பொழுதுபோக்கே. முதல் வருடத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு படத்தின் கடைசி இருபது நிமிடத்தை விட்டுவிட்டு ஐந்து ரோடு சந்திப்பில் பஸ் பிடிக்க ஓடினோம். கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்று ஓடிடியில் வந்த பிறகுதான் தெரிந்தது.

மற்றபடி ரிலையன்ஸ் மால். ஏசிக்காகவே போவோம். ஒரு ஜூஸ், நாலு ஸ்ட்ரா, மூன்று மணி நேரம். எவனிடமாவது வண்டி இருந்தால் ஏற்காடு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே இறங்குவோம். மாதக் கடைசியில் பெட்ரோலுக்கும் வழியிருக்காது. சரி, ஏன் வெள்ளிக்கிழமையானால் கிளம்புகிறோம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அம்மாவைப் பார்க்க என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிப் பேர் போவது துணி துவைக்க.

வேலை விஷயத்தில், படித்து முடித்து இங்கேயே இருக்கப் போகிறேன் என்று எங்கள் வகுப்பில் ஒருவன்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. சென்னை, பெங்களூரு, ஓசூர், அவ்வளவுதான்.

மாங்கனிமைந்தன்:

மார்கழியில் மாம்பழம் இருக்கிறது என்று சொன்னவர் சேலத்துக்காரராக இருக்கவே முடியாது. ஈரோட்டுக்காரர் யாரோ பஸ் மாறுவதற்காக நின்றிருப்பார்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

தம்பி, பஸ் ஸ்டாண்டில் நின்று அளந்தால் எந்த ஊரும் ஓடிப்போகிற ஊராகத்தான் தெரியும். பொழுதுபோக்கு என்றால் மால்தானா? ஆடி மாதம் வாருங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஊரில் இருக்கிற மாரியம்மன் கோயில் எல்லாவற்றிலும் பண்டிகை, எந்தத் தெருவுக்குள் போனாலும் கூழ் ஊற்றுவார்கள். குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை என்று ஒன்று நடக்கும், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தெருக்காரர்கள் சேர்ந்து வண்டி பிடித்து, சீரியல் லைட் கட்டி, சிவன், காளி, நரசிம்மர் என்று வேஷம் போட்டு ஆட்களை மேலே உட்கார வைத்து ஊர்வலம் விடுவார்கள். பார்க்கிறவர்கள் மொட்டை மாடியில் இடம் பிடிக்க மதியமே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

என் மச்சான் ஒரு வருடம் சிவன். நெற்றிக் கண்ணுக்குள் சின்ன பல்பு, பேட்டரி இடுப்பில் புலித்தோலுக்கு அடியில், உடம்பெல்லாம் நீலச் சாயம். வண்டி ஒரு முக்கில் நின்றபோது பீடி பற்ற வைக்க இறங்கினார். எங்கிருந்தோ ஒரு பாட்டி வந்து நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்துவிட்டது. மனிதர் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆசீர்வாதம் பண்ணினார். சாயம் போக நாலு நாள் ஆனது, ஆனால் அன்றைக்கு ராத்திரியோடு பீடி நின்றது.

தினசரி சாயங்காலத்துக்கு என்ன வழி என்றால் தட்டுவடை செட். எங்கள் ஊரில் எந்தத் தெருமுனையிலும் தள்ளுவண்டி நிற்கும். உள்ளங்கையில் தட்டுவடை ஒன்று, அதன்மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே இன்னொரு வடை, முடிந்தது. ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்துத் தின்ன நினைத்தால் சட்னி சட்டையில்தான். அந்த வண்டியைச் சுற்றி நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசுவோம், அதற்குக் கட்டணம் கிடையாது.

வளர்ச்சியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நான் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது. கொலுசுக்கு இந்த ஊர் பேர்போனது. எங்கள் பட்டறையில் அப்பா காலத்தில் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். கம்பி இழுப்பவர் ஒருவர், அச்சு வெட்டுபவர் ஒருவர், சலங்கை வைப்பவர் ஒருவர் என்று ஒரு கொலுசு எத்தனையோ கை மாறித்தான் வெளியே போகும். இப்போது நான்கு பேர், அதில் இளையவருக்கு நாற்பத்தேழு வயது. வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் மூலதனம் போடவும் பயம். என் பையன் பி.காம். முடித்துவிட்டுக் கோவையில் கணக்கு எழுதுகிறான். கேட்டால் "அங்கே ஞாயிற்றுக்கிழமை போக இடம் இருக்குப்பா" என்கிறான். தட்டுவடையைச் சொன்னேன், சிரித்தான்.

மூக்கனேரிக் காற்று:

பட்டறை அண்ணா சொன்ன கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். நான் பெங்களூருவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு 2021இல் கன்னங்குறிச்சிக்குத் திரும்பி வந்தவள். திரும்பி வந்த முதல் ஆறு மாதம் அழாத குறை. இப்போது போகச் சொன்னாலும் போக மாட்டேன். ஆனால் இந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

சேலம் ஒரு ஜங்ஷன். ரயிலில் மட்டும் இல்லை, எல்லா வகையிலும் ஜங்ஷன். பெங்களூரு இங்கிருந்து 200 கிலோமீட்டர், கோவை 160, சென்னை 340, எல்லா நெடுஞ்சாலையும் இங்கே வந்து கை குலுக்கிவிட்டுப் பிரிகின்றன. எங்கே வேண்டுமானாலும் சுலபமாகப் போகலாம் என்பதுதான் எங்கள் பெருமை, அதுவேதான் எங்கள் கஷ்டமும். நல்ல கச்சேரியா, பெங்களூரு. நல்ல கடையா, கோவை. நல்ல வேலையா, சென்னை. செலவழிக்கக் கையில் காசு வைத்திருக்கிற இளவட்டம் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடுகிறது, சனி ஞாயிறு ஆள் இல்லாத ஊரில் எவன் புதிதாக ஒன்றைத் தொடங்குவான்? சாரதா கல்லூரிச் சாலையில் என் தோழி ஒருத்தி கஃபே வைத்தாள், சின்ன மேடை போட்டு வாரக் கடைசியில் பாட்டு, கவிதை எல்லாம் வைப்பதாகத் திட்டம். புதன்கிழமை உட்கார இடம் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை ஈ ஓட்டினாள். பதினான்கு மாதத்தில் மூடிவிட்டாள்.

அரசாங்கம் செய்தது இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தோம். ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறந்தார்கள், பழைய பஸ் ஸ்டாண்டையும் ஈரடுக்காகக் கட்டி 2023 ஜூனில் திறந்தார்கள் (எங்கள் ஊரில் எதைக் கட்டினாலும் ஈரடுக்காகத்தான் கட்டுவார்கள் போலிருக்கிறது). காமலாபுரம் விமான நிலையத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், 2021இல் நின்றுபோனது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. அதே வருடம் ஏப்ரலிலிருந்து சென்னை–கோவை வந்தே பாரத்தும் இங்கே நிற்கிறது. பட்டியலைக் கவனித்தீர்களா? பாலம், பஸ் ஸ்டாண்ட், விமானம், ரயில். எல்லாமே ஊரை விட்டுப் போவதற்கு வசதி. இங்கேயே இருப்பவனுக்கு என்று பார்த்தால் 2024 செப்டம்பரில் கருப்பூரில் ஐ.டி. கம்பெனிகளுக்காகத் திறந்த மினி டைடல் பார்க் ஒன்றைச் சொல்லலாம். 55,000 சதுர அடி. சிறியதுதான், ஆனால் ஹாஸ்டல் பிரியாணி தம்பி, அது உங்கள் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டம்மாவுக்கு. ஃபைபர் நெட் நன்றாக வருகிறது, எனக்குப் பெங்களூரு வீட்டில் வந்ததைவிட இங்கே பரவாயில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலையில் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும், முந்தைய நாள் செய்தித்தாளில் பகுதி பெயர் போடுவார்கள், அன்றைக்கு மட்டும் மீட்டிங் வைத்துக்கொள்ள வேண்டாம். பெண் தனியாகச் சாயங்காலம் வெளியே போகலாமா என்றால் ஃபேர்லேண்ட்ஸ், சாரதா கல்லூரிச் சாலை, நாலு ரோடு பக்கமெல்லாம் ஒன்பது ஒன்பதரை வரை கவலையில்லை, அதற்குமேல் கடைகளே இருக்காது. நான் பெரும்பாலும் மூக்கனேரிக்குப் போய்விடுவேன். ஏரிக்குள் மண்திட்டுகள் எழுப்பி மரம் வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் ஆனால் கொக்கும் நீர்க்காகமும் அதில் இடம் பிடிக்கச் சண்டை போடும். உங்கள் பஸ் ஸ்டாண்ட் காட்சி மாதிரியேதான் இருக்கும், என்ன, இவை ஊருக்குத் திரும்பி வருகிற கூட்டம்.

பதினெட்டாம் வளைவு:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கீழே இருக்கிற எல்லோரும் பொழுதுபோக்கு என்றால் ஏற்காடு என்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் பத்து மணிக்கு அடிவாரத்தில் வந்து பாருங்கள், கர்நாடகப் பதிவு எண் வண்டிகள் வரிசை. 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்து ஹாரன் சத்தம் கேட்பதற்கு நாலு ரோட்டிலேயே நின்றுவிடலாம். மே மாதக் கோடை விழா சமயத்தில் நாங்கள் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை, பால் வாங்கப் போனால்கூட நடந்துதான்.

வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. செவ்வாய், புதன் வாருங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறிவிட்டால் ஏரிமேல் பனி இருக்கும், எஸ்டேட் பக்கம் நடந்தால் சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறியிருப்பதும் அடியில் காப்பிச் செடியும் தெரியும். பூக்கிற சமயத்தில் மல்லிகைபோல ஒரு வாசனை, அதற்கு டிக்கெட் இல்லை. சேர்வராயன் கோயில் வரைக்கும் போனால் காற்று ஆளைத் தள்ளும்.

எங்கள் கதை தெரியுமா? கல்யாணத்துக்குத் துணி எடுக்க, பல் பிடுங்க, நல்ல தியேட்டரில் படம் பார்க்க எல்லாவற்றுக்கும் நாங்கள் கீழேதான் இறங்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு சேலம்தான் பெங்களூரு.

அஸ்தம்பட்டி தாத்தா:

நான் சொல்ல வந்ததை அந்த மூக்கனேரிப் பெண் பாதி சொல்லிவிட்டாள். மீதியைச் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் ஏற்காட்டுக்குப் போகிற வழியில் இடதோ வலதோ பார்த்தால் ஒரு பழைய நுழைவாயில் வளைவு தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவின் வாசல் அது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் வந்தது, எடுத்தது இந்த ஊர் கம்பெனி. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்தது, அதுவும் இந்தக் கம்பெனிதான். நூற்றுக்கும் மேல் படம். கலைஞர் இங்கே வசனம் எழுதிக்கொண்டு குடியிருந்தார், எம்.ஜி.ஆர். வந்து நடித்தார். படம் எடுக்க மதராஸ் போக வேண்டும் என்று இருந்த காலத்தில் மதராஸ்காரன் மூட்டை கட்டிக்கொண்டு சேலத்துக்கு வந்தான்.

நான் அரை நிக்கர் போட்ட பையன் அப்போது. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கேட் முன்னால் போய் நிற்போம், காவல்காரர் விரட்டுவார். ஒரு நாள் ராஜா வேஷத்தில் கிரீடத்தோடு ஒருவர் வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். துணை நடிகர், சாப்பாட்டு நேரம், வீடு பக்கத்துத் தெரு. கிரீடத்தைக் கழற்றி மாட்ட நேரம் இல்லை போலிருக்கிறது. அந்தக் காலத்தில் தச்சர், தையல்காரர், சாயம் பூசுபவர், சமையல்காரர் என்று இந்தப் பக்கத்துத் தெருக்களில் சினிமாச் சோறு சாப்பிட்ட வீடு எத்தனையோ இருந்தது. வேலைக்கு வந்தவர்கள் வீடு பிடித்துத் தங்கினார்கள். தங்கியவர்களுக்காக ஹோட்டல் வந்தது, கொட்டகை வந்தது. சுந்தரம் 1963இல் காலமானார், அப்புறம் மெல்ல மெல்ல எல்லாம் போய், உள்ளே வீட்டுமனை ஆகிவிட்டது. இப்போது வாலிபப் பிள்ளைகள் வளைவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஹாஸ்டல் பையா, கிளைமாக்ஸ் பார்க்காமல் ஓடினாய் என்றாயே, அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரம்மா சிரித்து ஓயவில்லை.

ஹாஸ்டல் பிரியாணி:

தாத்தா, கருப்பூரிலிருந்து மூன்று வருடமாக ஏற்காடு போகிறோம், அந்த வளைவு முன்னால் நானும் போட்டோ எடுத்திருக்கிறேன். ஏதோ கல்யாண மண்டபம் என்று நினைத்தேன்.

அஸ்தம்பட்டி தாத்தா:

நல்லவேளை, அந்த வளைவையும் இடித்துவிட்டு நிஜமாகவே மண்டபம் கட்டாமல் விட்டார்களே.

வாழப்பாடி யார்க்கர்:

கிரிக்கெட்டை யாரும் சொல்லவில்லையே. 2020இல் எங்கள் வாழப்பாடியில் மைதானம் திறந்த பிறகு டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டமே இங்கே நடக்கிறது. நடராஜன் பிறந்த சின்னப்பம்பட்டியும் இந்த மாவட்டம்தான், பாராலிம்பிக் மாரியப்பனின் ஊரும் இந்த மாவட்டம்தான். அப்புறம் ஆத்தூர் சாலையில் முத்துமலை முருகன் சிலை, 146 அடி உயரம். வெளியூர்ச் சொந்தம் வந்தால் எல்லோரும் அங்கேதான் கூட்டிப் போகிறோம், நான் இதுவரை ஒன்பது முறை போய்விட்டேன், சாமி கும்பிட்டது இரண்டு முறை, மீதி வண்டி ஓட்டிக்கொண்டு போனது.

தாம்பரம்வாசி:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வீட்டம்மாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். மேம்பாலம், விமானம் எதிலும் அவர் முகம் மாறவில்லை, பீடி சிவனுக்குத்தான் சிரித்தார். மூக்கனேரி அம்மா சொன்ன ஜங்ஷன் விஷயம் எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது. நானும் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை தாம்பரத்துக்குப் பஸ் ஏறுகிற ஆளாகத்தான் ஆவேனோ என்று யோசித்தேன். வந்தால் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், தனியாக அறை எடுத்துத் தங்குவது என்பது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? கல்லூரி ஓமலூர் வழியில். தரகர் ஒருவர் சூரமங்கலம் என்கிறார், இன்னொருவர் அழகாபுரம்.

மூக்கனேரிக் காற்று:

ஓமலூர் வழி என்றால் சூரமங்கலம், ஜங்ஷன் பக்கம் உங்களுக்குத் தினசரிக்குச் சுலபம். ஆனால் குழந்தை, வீட்டம்மா இருவரும் பகல் முழுக்க இருக்கப்போவது வீட்டில், அதனால் அவர்களுக்கு எது தோது என்று பாருங்கள். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸில் வாடகை கூடுதல், நடந்து போகிற தூரத்தில் எல்லாம் கிடைக்கும். எந்த இடமானாலும் ஒரு மழை பெய்து முடிந்த மறுநாள் போய்த் தெருவைப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை விடுகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

மறுபடி வெள்ளிக்கிழமை வந்துவிடாதீர்கள்.

தாம்பரம்வாசி:

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வருகிறோம், புதன் காலை ஏற்காடு, ஏழு மணிக்கு முன்னால். தட்டுவடை வண்டியில் வடையை நொறுக்கிக் கலந்து தருகிற நொறுக்கல் என்று ஒன்று இருக்கிறதாமே, முதலில் எதைச் சாப்பிட வேண்டும், செட்டா நொறுக்கலா?

மாங்கனிமைந்தன்:

செட். நொறுக்கல் காரம், குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், சிவப்புச் சட்னியைக் குறைத்துப் போடுவார்.